டிசம்பரில் வரும் பல்கலைக்கழகச் சாதனைப் பட்டியலைப் படிப்பது எப்படி

டிசம்பர் பிறந்தால் டர்பனில் லிச்சிப் பழம் வரும், கடற்கரை ஜோகன்னஸ்பர்க் கார்களால் நிரம்பும், கூடவே பல்கலைக்கழகங்களின் ஆண்டிறுதிச் செய்திமடலும் வந்து சேரும். கடைசியாகச் சொன்னதை ஒரு காலத்தில் நானே தொகுத்துக் கொடுத்திருக்கிறேன். தென்னாப்பிரிக்க அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எண்களைச் சேகரித்து மேலே அனுப்புவது என் வேலை. அதனால் போன வாரம் சாட்ஸ்வொர்த்திலிருந்து அக்கா மகள் அப்படி ஒரு மடலை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, “சின்னம்மா, இது நல்ல யூனிவர்சிட்டிதானே? எவ்வளவு சாதனை பாருங்க” என்று கேட்டபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் வந்தது. அவள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வான மேட்ரிக்கை எழுதி முடித்துவிட்டு ஜனவரி ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்கு நான் அனுப்பிய பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன், இந்த மாதம் இதே மாதிரி மடலை வைத்துக்கொண்டு யோசிக்கிற வீடுகள் நிறைய இருக்கும்.

செய்திமடலில் பொய் இருக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது கல்யாணப் பத்திரிகை மாதிரி. மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கும், தாத்தா பெயர் இருக்கும், வீட்டுக் கடன் மட்டும் இருக்காது. அதேபோல மடலில் வருகிற ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ஜோடி எண் உண்டு. ஒன்று அச்சில் வரும், மற்றது அலுவலக மேசையிலேயே தங்கிவிடும். தங்கிவிட்டதைக் கேட்டு வாங்கத் தெரிந்தால் போதும். ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு, மடலில் எண் வருகிற இடத்தையெல்லாம் வட்டமிட்டுவிட்டு வாருங்கள்.

அநேகமாக முதல் வட்டம் மாணவர் எண்ணிக்கையில் விழும். “இந்த ஆண்டு இத்தனை ஆயிரத்தைத் தாண்டினோம்.” வளரும் பல்கலைக்கழகங்களுக்கு இது உண்மையிலேயே பெருமைதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் 26 அரசுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அவற்றில் கிம்பர்லியின் சோல் பிளாட்ஜே பல்கலைக்கழகமும் ம்பொம்பேலாவின் ம்புமலங்கா பல்கலைக்கழகமும் 2014இல்தான் வகுப்புத் தொடங்கின. கிம்பர்லியில் முதல் வருடம் சேர்ந்தவர்கள் 124 பேர், இன்று சில ஆயிரம் பேர் படிக்கிறார்கள். நம் ஊர்க் கதையும் அதுதான். 1961இல் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு கல்லூரியை டர்பன் துறைமுகத்திலுள்ள சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் திறந்தார்கள். பிள்ளைகள் படகேறிப் போய்ப் படித்தார்கள். அதுதான் பிறகு வெஸ்ட்வில் மேட்டுக்கு ஏறி டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004 ஜனவரி 1ஆம் தேதி நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. ஒதுக்கி வைப்பதற்காகக் கட்டிய இடத்திலிருந்தே நம் வீடுகளில் எத்தனையோ பேர் முதல் பட்டம் வாங்கினார்கள். அதனால் சின்ன இடம், புது இடம் என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் எனக்குப் பிடிக்காது.

ஆனாலும் எண்ணிக்கையின் ஜோடியைக் கேட்கத்தான் வேண்டும். மாணவர்கள் எத்தனை சதவீதம் கூடினார்கள் என்பதோடு ஆசிரியர்கள் எத்தனை பேர் கூடினார்கள், விடுதியில் எத்தனை படுக்கை கூடியது. இது ஏன் முக்கியம் என்பதற்கு வெளியே அதிகம் பேசாத ஒரு காரணம் இருக்கிறது. அரசு கொடுக்கும் மானியம் இரண்டு வருடத்துக்கு முந்தைய கணக்கை வைத்து வருகிறது. இந்த வருடம் சேர்ந்த பிள்ளைகளின் தலைக்கணக்குப் பணம் இரண்டு வருடம் கழித்துத்தான் கைக்கு வரும். நிதானமாக நடக்கும் பழைய பல்கலைக்கழகத்துக்கு இது பெரிய தொல்லை இல்லை. வேகமாக வளரும் பல்கலைக்கழகமோ எப்போதும் நேற்றைய பணத்தில் இன்றைய கூட்டத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும். போதாததற்கு, எத்தனை பேரைச் சேர்ப்போம் என்று அமைச்சகத்தோடு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட எண் ஒன்று உண்டு. அதற்கு மேல் சேர்த்துக்கொண்டால் அந்தக் கூடுதல் பிள்ளைகளுக்கு மானியத்தை எதிர்பார்க்க முடியாது. ஆகவே “எதிர்பார்த்ததைவிட அதிகம் சேர்ந்தார்கள்” என்ற வரியைப் பார்த்தால் கை தட்டுவதற்கு முன் பிப்ரவரி மாத வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். உட்கார இடமில்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

விடுதி விஷயம் நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. டர்பனிலிருந்து கிம்பர்லி சுமார் 800 கிலோமீட்டர். வார இறுதியில் அம்மா சாம்பார் கட்டிக் கொடுத்தனுப்பும் தூரம் இல்லை. “புதிய விடுதி திறப்பு” என்று ரிப்பன் வெட்டும் படம் வந்தால், மொத்தப் படுக்கை எத்தனை, அதில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியது எத்தனை என்று கேளுங்கள். ‘ரெஸ்’ கிடைக்காத பிள்ளை ஊருக்குள் வாடகை அறை தேட வேண்டும். அந்த அறையைப் பல்கலைக்கழகம் ஆய்வு செய்து ஒப்புதல் கொடுத்திருக்கிறதா, இல்லை யாரோ தன் வீட்டுக் கராஜைத் தடுத்து நாலு கட்டில் போட்டிருக்கிறாரா என்பது இரவு பத்து மணிக்கு நமக்குத் தூக்கம் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும்.

அடுத்தது பட்டமளிப்பு. “இந்த ஆண்டு இத்தனை பேர் பட்டம் பெற்றார்கள்.” இங்கே பட்டமளிப்பு விழாக்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும், சில இடங்களில் செப்டம்பரிலும் உண்டு. ஏப்ரலில் மேடையேறியவர் போன வருடமே படிப்பை முடித்தவர். அப்படியானால் டிசம்பர் மடல் கொண்டாடும் பட்டதாரிகள் போன வருடத்து விளைச்சல், மாணவர் எண்ணிக்கையோ இந்த வருடத்து விதைப்பு. இரண்டையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துப் பார்த்து நாமாக ஒரு விகிதம் போட்டால் கணக்கு தப்பும். இந்த வருடம் எழுதிய கடைசித் தேர்வுகளின் கதை டிசம்பரில் முடிந்திருக்காது. மறுதேர்வு பாக்கி இருக்கும், அமைச்சகத்துக்குப் போகும் தணிக்கை செய்த எண் அடுத்த வருட நடுவில்தான் தயாராகும். டிசம்பர் எண் எல்லாமே பென்சில் எழுத்து என்று எங்கள் அலுவலகத்தில் சொல்லுவோம்.

சரி, தேர்ச்சி விகிதம். நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் இதுதான், ஏனென்றால் படித்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். மடலில் “தேர்ச்சி 85 சதவீதம்” என்று இருந்தால், நூறு பிள்ளைகளில் 85 பேர் பாஸ் என்று நாம் எடுத்துக்கொள்வோம். அது அப்படி இல்லை. பிள்ளைகள் எழுதிய பாடங்களையெல்லாம் சேர்த்து, நூறு பாடத்தில் 85 பாடம் தேறியது என்றுதான் அதற்கு அர்த்தம். ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு எட்டுப் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் தேற 85 சதவீத வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டு எட்டையும் பெருக்கினால், எட்டிலும் தேறுவதற்கு வரும் வாய்ப்பு 27 சதவீதம்தான். நிஜத்தில் இவ்வளவு மோசமாக இருக்காது, நன்றாகப் படிக்கிற பிள்ளை எல்லாப் பாடத்திலும் நன்றாகத்தான் செய்யும், தோற்பதும் சிலரிடமே குவியும். இருந்தாலும் 85 என்ற எண் எவ்வளவு மறைக்கிறது என்று காட்டத்தான் இந்தக் கணக்கைப் போட்டேன். இதன் ஜோடி எண் வேறு: மூன்று வருடப் பட்டத்தில் சேர்ந்தவர்களில் மூன்றே வருடத்தில் முடித்து வெளியே வந்தவர்கள் எத்தனை பேர். நாடு முழுவதும் எடுத்துப் பார்த்தாலே அது பாதியைத் தொடாது. இந்த எண்ணைத் தானாகவே மடலில் போடுகிற பல்கலைக்கழகத்தைப் பார்த்தால் அதன் மேல் எனக்கு மரியாதை வரும், எண் சின்னதாக இருந்தாலும்கூட.

என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்கிற அரசு மாணவர் நிதி உதவியில் படிக்கப்போகும் பிள்ளைக்கு இது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. வீட்டு வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்கு மேல் போகாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த உதவி கிடைக்கிறது, ஆனால் படிப்பின் குறைந்தபட்ச காலம், அதற்கு மேல் ஒரு வருடம், அவ்வளவுதான். மூன்று வருடப் படிப்பு ஐந்தாவது வருடத்துக்கு இழுத்தால் அந்தச் செலவு அப்பா தலையில். இன்னொன்று, சில படிப்புகளுக்கு ‘எக்ஸ்டெண்டட்’ என்று பெயர் ஒட்டியிருக்கும். மூன்று வருடப் படிப்பை அடித்தளத்தோடு நான்கு வருடமாக நீட்டிச் சொல்லிக்கொடுப்பது அது. மேட்ரிக்கில் கணக்கு கொஞ்சம் தடுமாறிய பிள்ளைக்கு நல்ல வழிதான், அவமானமாக நினைக்காதீர்கள். முதல் வருடம் முழிபிதுங்கி நின்றுவிடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

புதிய படிப்புகள். வளரும் பல்கலைக்கழக மடலில் அதிகமாக மின்னும் பகுதி இதுதான், அதிகம் சறுக்கும் பகுதியும் இதுதான். ஒரு படிப்பு முறையாகத் தொடங்க மூன்று வாசல் தாண்ட வேண்டும்: அந்தப் பல்கலைக்கழகம் அதை நடத்தலாம் என்று உயர்கல்வி அமைச்சகம் ஒப்புக்கொள்ள வேண்டும், உயர்கல்விக் கவுன்சில் தரத்தைப் பார்த்து அங்கீகாரம் தர வேண்டும், சாக்கா என்று நாம் சொல்லும் தகுதி ஆணையத்தில் பதிவாகி ஒரு எண் கிடைக்க வேண்டும். “தொடங்கவிருக்கிறோம்”, “ஒப்புதல் கிடைத்தது”, “திட்டமிடப்பட்டுள்ளது” என்ற சொற்கள் இந்த மூன்று வாசலில் எதில் நிற்கிறார்கள் என்பதைத்தான் சொல்கின்றன, ஆனால் மெதுவாகச் சொல்கின்றன. சாக்கா எண்ணைக் கேளுங்கள். இருந்தால் உடனே சொல்லுவார்கள், அதை சாக்காவின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். அதே இடத்தில் படிப்பின் மட்டமும் தெரியும்: உயர்சான்றிதழ் 5, டிப்ளமா 6, சாதாரண மூன்றாண்டுப் பட்டம் 7, ஹானர்ஸ் 8, முதுகலை 9, முனைவர் 10.

தொழில் படிப்பு என்றால் நாலாவதாக ஒரு வாசலும் உண்டு. பொறியியலுக்குப் பொறியாளர் கவுன்சில், நர்சிங்குக்கு நர்சிங் கவுன்சில், மருத்துவம் சார்ந்தவற்றுக்குச் சுகாதாரத் தொழில் கவுன்சில். பட்டம் கையில் இருந்தும் அந்தக் கவுன்சில் பதிவு கொடுக்காவிட்டால் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. எங்கள் குடும்பத்திலேயே ஒரு பையன் அப்படி மாட்டினான். எங்கே என்று சொல்ல விரும்பவில்லை. “நாட்டிலேயே புதுமையான படிப்பு” என்று மடலில் படித்துவிட்டுச் சேர்ந்தான், இரண்டாம் வருடத்தில்தான் தொழில் கவுன்சில் அங்கீகாரம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்று தெரிந்தது. கடைசியில் கிடைத்துவிட்டது என்றாலும், அந்த ஒன்றரை வருடம் அவன் அம்மா உம்பிலோ கோயிலில் ஏற்றிய விளக்குக்குக் கணக்கே இல்லை. பொறியியலில் இன்னொரு சிக்கல், பெயர் ஒத்துப்போகும் ஆனால் படிப்பு வேறு. பி.எஞ்ச். என்பது நான்காண்டு, முழுப் பொறியாளர் பதிவுக்குப் போகும் பாதை. பி.எஞ்ச்.டெக். என்பது தொழில்நுட்பவியலாளர் பாதை. இரண்டுக்கும் வேலை உண்டு, இரண்டும் நல்ல படிப்புதான், எதில் சேர்கிறோம் என்று தெரிந்து சேர வேண்டும், அவ்வளவே.

ஆராய்ச்சிச் சாதனைகளைச் சீக்கிரம் தாண்டிவிடலாம், குறைந்தபட்சம் முதல் பட்டத்துக்குப் போகிறவர்கள். கட்டுரை எண்ணிக்கை ஏன் இவ்வளவு பெரிய எழுத்தில் வருகிறது என்றால், அங்கீகரித்த இதழில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அரசிடமிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பணம் வருகிறது. “எங்களிடம் இத்தனை ரேட்டட் ஆய்வாளர்கள்” என்பது தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை கொடுக்கும் தரம். ஏ, பி (B), சி என்று மூன்று, இளையவர்களுக்குத் தமிழில் பி என்றே எழுதும் இன்னொரு எழுத்தும் (P) ஒய்யும் (Y). ஏ என்றால் உலக அளவில் முன்னணியில் நிற்பவர், ஒய் என்றால் முனைவர் முடித்துச் சில வருடமே ஆன, நம்பிக்கை தரும் இளைஞர். மொத்த எண்ணை மட்டும் சொல்லிவிட்டு எழுத்தைச் சொல்லாவிட்டால் பெரும்பாலும் ஏ இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகலைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பக்கம் பொன்னானது, அந்த ஆய்வாளர் பெயரைக் குறித்துக்கொண்டு நேரே அவருக்கே மின்னஞ்சல் போடலாம். இளங்கலைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது வேறு, ஆசிரியர்களில் எத்தனை பேர் முனைவர் பட்டம் வைத்திருக்கிறார்கள். 2030க்குள் 75 சதவீதம் வேண்டும் என்று தேசிய வளர்ச்சித் திட்டம் இலக்கு வைத்தது. மடலில் இந்த எண் இருந்தால் வட்டத்தை இரட்டை வட்டமாக்குங்கள்.

தரவரிசையைப் பற்றி ஒரே வரி: எந்தப் பட்டியல், எந்தப் பாடத்தில், மொத்தம் எத்தனை பேர் போட்டியிட்டதில் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத “முதல் பத்து” எதற்கும் உதவாது. விளையாட்டுக் கோப்பைகள் அழகாக இருக்கும், படத்தைப் பார்த்து ரசியுங்கள்.

ஒரு சொல்லை மட்டும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். “அன்குவாலிஃபைட் ஆடிட்” என்று மடலில் வந்தால் என் அக்கா கணவர் மாதிரி, “ஐயோ, கணக்குத் தகுதியில்லையாமே” என்று பதற வேண்டாம். தணிக்கையாளர் எந்த ஆட்சேபமும் வைக்காமல் கையெழுத்துப் போட்டார் என்பதுதான் அதன் பொருள், அது நல்ல செய்தி. ‘குவாலிஃபைட்’ என்று வந்தால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். அமைச்சர் நிர்வாகி ஒருவரை நியமித்திருக்கிறார் என்ற வரி எங்காவது மூலையில் இருந்தாலும் அப்படியே.

வட்டமிட எண்ணே இல்லாத விஷயங்களும் உண்டு, மூடப்பட்டவை. திறந்தது மடலில் வரும், மூடியது வராது. டர்பன்-வெஸ்ட்வில்லில் இந்திய மொழிகள் துறையில் தமிழும் படித்து பட்டம் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தத் துறை இன்று இல்லை. அது போனதை எந்தச் சாதனைப் பட்டியலும் சொல்லியிருக்காது என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை, அந்த மாதிரிப் பட்டியல் எப்படி உருவாகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் இரண்டு வருடத்து மடலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போன வருடம் பெருமையாகச் சொன்ன படிப்போ மையமோ இந்த வருடம் சத்தமில்லாமல் காணோம் என்றால் அதைக் கேட்டு எழுதுங்கள்.

யாரிடம் கேட்பது? மடலின் கடைசியில் இருக்கும் விளம்பரப் பிரிவு முகவரிக்கு எழுதினால் இன்னொரு மடல் வரும். சேர்க்கைப் பிரிவு, அல்லது அந்தப் புலத்தின் அலுவலகத்துக்கு எழுதுங்கள், ஒரே மின்னஞ்சலில் மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். என் அக்கா மகளுக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: இந்தப் படிப்பின் சாக்கா எண் என்ன, குறித்த காலத்தில் முடித்தவர்கள் எத்தனை சதவீதம், முதலாமாண்டு மாணவர்களுக்கு விடுதியில் எத்தனை இடம். இது பள்ளி நாள் இல்லை, அப்பா அம்மா பெயரில் எழுதாதீர்கள், பிள்ளையே தன் பெயரில், விண்ணப்ப எண்ணைப் போட்டு எழுதட்டும். டிசம்பர் நடுவில் அலுவலகங்கள் பூட்டிவிடுவார்கள், அதற்குள் அனுப்பிவிடுங்கள். அதைவிட விரிவாக வேண்டுமென்றால், பல்கலைக்கழகம் அமைச்சருக்கு அனுப்பும் ஆண்டறிக்கை அடுத்த வருடம் வெளியாகும். நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும், தூக்கம் வரும், ஆனால் மேசையில் தங்கிய எண்கள் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. போன வருடத்து அறிக்கையை இப்போதே இணையத்தில் பார்க்கலாம்.

விண்ணப்பம் பற்றியும் ஒரு வார்த்தை. குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் நாலு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போக வேண்டும், மேட்ரிக் ரிசல்ட் வந்த பிறகு விருப்பத்தை மாற்றிக்கொள்ளவும் அங்கே ஒரு வாய்ப்பு தருகிறார்கள். கிம்பர்லிக்கும் ம்பொம்பேலாவுக்கும் அவரவர் இணையதளத்தில் தனியாக. மடலைப் படித்துவிட்டு ஜனவரியில் நேரே வாசலில் போய் நிற்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2012 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பல்கலைக்கழக வாசலில் கடைசி நேர இடத்துக்காகக் கூடிய கூட்டம் முண்டியடித்ததில், மகனுக்காக வந்த ஒரு தாய் இறந்துபோனார்.

அக்கா மகளின் மூன்று கேள்விக்கு நேற்று பதில் வந்தது. சாக்கா எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள், விடுதி இடம் எத்தனை என்றும் சொல்லியிருக்கிறார்கள். நடுக் கேள்விக்கு, “உங்கள் ஆர்வத்துக்கு நன்றி” என்று எழுதி, ஆண்டிறுதிச் செய்திமடலை மறுபடி இணைத்திருக்கிறார்கள். இன்று சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து போன வருட ஆண்டறிக்கையில் தேடப்போகிறோம், லிச்சி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.